நாலு நாட்டு ரெடி

ரெடி என்ற சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மா, சோறு, வா, போ எல்லாம் எந்த வழியாக வாயில் வந்து உட்கார்ந்தனவோ அந்த வழியாகவே அதுவும் வந்து உட்கார்ந்தது. குளிக்கத் தண்ணி ரெடி. போட்டுக்கத் துணி ரெடி. நான் ரெடி, நீ ரெடியா, இன்னுமா ரெடியாகலை. அது இங்கிலீஷ்காரன் சொல் என்பது நாற்பத்தாறு வயதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைக்கவைத்தது ஒரு மெஷின்.

கிடங்கில் அவளைப் பெரியக்கா என்பார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலையில் மூத்தவள் என்ற மரியாதை அது. அந்தக் கிடங்கில் தகரக் கூரையைத் தொடும் இரும்பு அடுக்குகள் வரிசை வரிசையாக நின்றன. இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில் சந்து. ஊருக்குள் கடை கடையாகப் போகிற சோப்பு, பிஸ்கட், பல்பு, பால்மாவு எல்லாம் அங்கிருந்துதான் போயின. அவள் காதில் ஒரு கருவியை மாட்டியிருப்பாள். வாய்க்கு முன்னால் குட்டி மைக் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சந்து, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று கருவி சொல்லும். அவள் போய் எடுத்து, விரலில் மாட்டிய ஸ்கேனரைப் பெட்டியின் கோடுகளில் காட்டி, வண்டியில் அடுக்கிவிட்டு, ரெடி என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த இடம் வரும். இப்படிக் காலை முழுக்க, மதியம் முழுக்க, விளக்குப் போடும்வரை.

"அதுக்கு ஒரு பொத்தான் வெச்சா போதாதா?" என்று மீசை ஒருமுறை கேட்டார். பக்கத்துச் சந்தில் வேலை செய்கிறவர். மீசையை எடுத்துப் பல வருடமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.

"பொத்தானை அமுக்க ஒரு கை வேணும். அந்தக் கை பெட்டி தூக்க வேணுமாம்" என்றாள் அவள்.

"வாய் சும்மாதானே இருக்குன்னு அதையும் வேலைக்கு எடுத்துட்டானா."

"சம்பளம் மட்டும் கைக்குத்தான்."

பழைய கருவியோடு சண்டை எதுவும் இருந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒவ்வொருவரும் அதனிடம் நாலைந்து தடவை ரெடி சொல்வார்கள். அது அந்த ஆளின் குரலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவள் எப்படிச் சொன்னாலும் அதற்கு அது ரெடிதான். பிறகு கம்பெனி கருவியை மாற்றியது. புதியதற்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம், எல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறது என்றார்கள். அது படித்த இங்கிலீஷ் நாலு வகை: இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து. ஆளுக்கு எது வாய்க்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம்.

"நம்ம பேசுற மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்று அவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். பிறர் முன்னால் சார், தனியாக இருந்தால் தம்பி.

"அதுக்குப் போதுமான குரல் இன்னும் சேரலையாம்க்கா."

நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரைக்கடியில் காலையிலிருந்து இருட்டும்வரை ரெடி, ரெடி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். குரல் போதவில்லையாம். இதைச் சொல்லும்போது சூப்பர்வைசருக்கே முகத்தில் ஈயாடவில்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முதல் தடவையிலேயே கருவிக்குப் புரிந்த ரெடி எத்தனை, புரியாமல் சே எகெய்ன், சே எகெய்ன் என்று அது திருப்பிக் கேட்டது எத்தனை என்று ஆளாளுக்குக் கணக்கு வரத் தொடங்கியது. குரல் மார்க் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மார்க் ஒரு கோட்டுக்குக் கீழே போகிறவர்களைப் பட்டியல் போட்டுக் குளிரறைக்கு மாற்றுவார்கள். உறைந்த சாமான் வைக்கிற இடம் அது. அங்கே மைக் வேலை செய்யாது, அதனால் பேச வேண்டியதில்லை. குரல் சரியில்லாதவர்களுக்குப் பொருத்தமான இடம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஏதோ சலுகை தருகிற மாதிரி.

அவளுக்கு இழுப்பு நோய். பையில் எப்போதும் மூச்சு மருந்து உறிஞ்சி இருக்கும். குளிர்காற்றும் உங்க நுரையீரலும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குளிரறைக்குப் போனால் ஒரு மாதம் தாங்குவாளோ என்னவோ. அப்புறம் அவளே நின்றுகொள்வாள். யாரும் அவளை வேலையை விட்டு அனுப்பியதாக இருக்காது. அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அதில்தான் இருந்தது.

அதனால் அந்த வயதில் அவள் ரெடி சொல்லப் பழகினாள்.

வீட்டில் மகள்தான் வாத்தியார். ஆய்வுக்கூட வேலைக்குப் படிக்கிறவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருக்க, மகள் போனில் வெள்ளைக்காரர்கள் பேசுவதைப் போட்டுக் காட்டுவாள்.

"அமெரிக்காக்காரன் நாக்கை மேல ஒட்டவே மாட்டேங்கிறான் பாரும்மா. சுருட்டி நடுவுலயே தொங்க விடுறான். அப்புறம் அந்த டியை நம்ம ரி மாதிரி லேசாத் தட்டிட்டுப் போறான்."

"ரெரி."

"முதல் எழுத்துல நாக்கு அடிக்குதும்மா. அடிக்கக் கூடாது."

"நாக்கு அடிக்காம எப்படிடி சொல்றது? வாயில சுடுசோறு இருக்கற மாதிரியா?"

"அதேதான். சொல்லு."

குழாய் ரிப்பேர் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன, பல்லு வலியா?"

"அமெரிக்கா" என்றாள் அவள்.

"அது எனக்கு வேண்டாம். காபி ரெடியா, அதைச் சொல்லு."

"எந்த நாட்டுல வேணும்?"

ஒரு வாரம் அமெரிக்காவில் ஓட்டினாள். காலையில் கருவி குழந்தை மாதிரிக் கேட்டது. மதியத்துக்கு மேல் முரண்டு பிடித்தது. வார முடிவில் மார்க் கோட்டுக்குக் கீழே; பட்டியல் இன்னும் வரத் தொடங்காததால் பிழைத்தாள். நமக்கு அமெரிக்கா சரிப்படாது என்று இங்கிலாந்துக்கு மாறினாள். அங்கே நாக்கு இன்னும் முன்னால் வந்து பல்லின் வேர்ப்பக்கம் தொட வேண்டும், டிக்கும் திக்கும் நடுவே ஓரிடத்தில். சொல்லிச் சொல்லி நுனிநாக்கு புண்ணானதுதான் மிச்சம். ஆஸ்திரேலியாவில் கடைசியை இழுக்க வேண்டியிருந்தது. யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் காலையில் வரவேற்பு, சாயங்காலம் வாசலில் நிறுத்தல்.

சந்துக்குச் சந்து வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி தேனில் மிளகு போட்டு நாக்கில் தடவச் சொன்னாள். இன்னொருத்தி சாமிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள்.

"சாமிக்கு எந்த நாட்டு ரெடி புரியும்னு தெரியலையே" என்றாள் பெரியக்கா.

"எல்லாம் நம்ம தலையெழுத்துக்கா."

"எழுதினவன் மாடியில ஏசி ரூம்ல இருக்கான். தலை மேல பழியைப் போடாத."

மீசை எந்த நாட்டையும் பழகவில்லை. "ரெடின்னா ரெடிதான். கேட்டா கேக்கட்டும், இல்லாட்டி போகட்டும்" என்று விட்டுவிட்டார். முதல் பட்டியலிலேயே அவர் பெயர் வந்தது; அவள் மயிரிழையில் தப்பினாள். குளிரறைக்குப் போன மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளெதிரே வந்து உட்கார்ந்தார். விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. டப்பாவைத் திறக்க முடியாமல் அவளிடம் நீட்டினார்.

"உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நிம்மதியா இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. மூச்சு விட்டா புகையா வருது, அதைப் பாத்துக்கிட்டே பொழுது போயிடும்." சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீ வந்துடாதம்மா. நாக்கை அறுத்து வெச்சாவது வெளியவே இரு."

அவள் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சிக்காரி வந்தாள். தேய்த்த சட்டை, பளிச்சென்ற பல். மார்க் குறைந்தவர்களை நிற்கவைத்து, குரலில் உற்சாகம் வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னால் குரல் தானாகத் திறக்கும் என்றாள். பெரியக்கா மறுநாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சோப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள், பால்மாவு மூட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். இடுப்பு பிளக்கும்போது சிரிப்பதற்குத் தனியாக ஒரு தெம்பு வேண்டியிருந்தது. அன்று மார்க் ஏறியது. ஆனால் வீட்டுக்கு வந்தபோது பேச ஒரு சொல்கூட மிச்சமில்லை. மகள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். ராத்திரி இழுப்பும் வந்தது. உறிஞ்சியை இரண்டு தடவை வாயில் வைக்க வேண்டியதாயிற்று.

"இது நடக்காதும்மா" என்றாள் மகள் காலையில். "ஏதோ ஒண்ணை நாம தப்பாப் பாத்துக்கிட்டிருக்கோம். எந்த நாடுன்னாலும் காலையில புரியுது, சாயங்காலம் புரியலை. நாடா மாறுது? இரு, அளந்து பாத்துடுவோம்."

வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவைப் போனில் ரெடி சொல்லவைத்துப் பதிந்துகொண்டாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன் மறுபடி சொல்லவைத்தாள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டாள்.

முதலாவது அவளுக்குத் தெரிந்த குரல். இரண்டாவது யாருடையது என்று ஒரு நொடி விளங்கவில்லை. மகள் முதலில் சொல்லிக்கொடுத்த அமெரிக்காதான் அது, நாக்கு சுருண்டதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரெடி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முதல் பாதியில் காற்று, கடைசிப் பாதியில் ஒன்றுமில்லை.

"இது யாரு?" என்று கேட்டாள்.

மகள் போனை அணைத்துக் கீழே வைத்தாள். கணவர் வந்து நின்று கேட்டுவிட்டு, "தினமும் நீ இப்படித்தான் வர்றே" என்றார். "எனக்குப் பழகிடுச்சு. அதான் சொல்லலை."

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாளும் நாக்கைத் திட்டியிருக்கிறாள். வெள்ளைக்காரன் நாக்கு நமக்கு வராது என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாக்கு பாவம், சொன்னதையெல்லாம் செய்தது. மேலே தொடாதே என்றால் தொடவில்லை, பல்லுக்குப் போ என்றால் போனது. களைத்துப்போனது உடம்பு. களைத்த உடம்பு எந்த நாட்டில் பேசினாலும் களைத்துத்தான் பேசும். இங்கிலாந்துக்காரனை இந்தச் சந்தில் விட்டு ஒரு நாள் மூட்டை தூக்கச் சொன்னால் அவனிடமும் கருவி சே எகெய்ன் என்றுதான் கேட்கும்.

மறுநாள் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போய் இரண்டு குரலையும் போட்டுக் காட்டினாள். அவன் கேட்டான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்க்கா. மணிக்கு மணி கணக்கு எங்கிட்ட வருது. எல்லாருக்கும் மூணு மணிக்கு மேலதான் விழுது."

"தெரிஞ்சுமா மீசையை அனுப்பினே?"

"நான் அனுப்பலை. பட்டியல் வருது, நான் படிக்கிறேன்."

"சரி தம்பி. இப்ப ஒண்ணு கேக்கறேன். மூணு மணிக்கு ஒரு கால்மணி நேரம் உக்கார விடு. எல்லாரையும்."

"மதியச் சாப்பாட்டுக்கு விடுறோமே, அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லக்கா. மேல கேட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? மெஷின்ல நாலு நாடு இருக்கு, களைப்புன்னு ஒரு நாடு இல்லைம்பாங்க." அவன் குரலும் கம்மிக்கிடந்தது. "ஸ்காட்லாந்து ஒண்ணு பாக்கி இருக்கில்ல? அதுல நம்ம ர மாதிரியே நாக்கு அடிக்கும்னு சொல்றாங்க. அதைப் போட்டுப் பாருங்களேன். அடுத்த பட்டியல் வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அவள் ஸ்காட்லாந்தைப் போட்டுக்கொண்டாள். நாக்குக்கு அது கொஞ்சம் சொந்தக்காரன் வீடு மாதிரிதான் இருந்தது, ர தாராளமாக அடித்தது. ஆனால் மூன்று மணி ஆனதும் அங்கேயும் கதவு சாத்தப்பட்டது.

சே எகெய்ன் என்றது கருவி.

ரெடி.

சே எகெய்ன்.

மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். நெஞ்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. பக்கத்தில் பெட்டி அடுக்குகிற மரத்தட்டுகள் காலியாகக் கிடந்தன. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது, கால்தான் முடிவு செய்தது. மரத்தட்டின் மேல் உட்கார்ந்தாள்.

கருவி கேட்டது. அவள் தண்ணீர் குடித்தாள். அது மறுபடி கேட்டது. பதில் வராததால் சும்மா இருந்தது. அது சும்மா இருக்கும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. இத்தனை நாளும் அது கேட்டவுடன் சொல்லியே ஆக வேண்டும் என்று பள்ளிப்பிள்ளை மாதிரிப் பயந்திருக்கிறாள். சந்தின் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சின் விசில் அடங்கியது. எழுந்து, சிரிக்காமல், எந்த நாட்டையும் நினைக்காமல், தன் வாயில் வந்தபடி ரெடி என்றாள்.

அடுத்த சந்து எண் வந்தது.

அதற்குப் பிறகு விளக்குப் போடும்வரை அது ஓரிரு தடவைதான் திருப்பிக் கேட்டது. உட்கார்ந்த நேரத்தில் தவறிய பெட்டிகளைக் கடைசி மணியில் எடுத்துவிட்டாள். சே எகெய்னுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வீணாகிற நேரம் அவ்வளவு இருந்தது. வீட்டில் சொன்னபோது மகள், "ஒரு நாள் வெச்சு நம்பாத. நாளைக்கும் உக்காரு" என்றாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். தேன் மிளகு சொன்னவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு. நீயும் உக்காரு. மெஷின் ஒண்ணும் பண்ணாது, கத்திட்டு அடங்கிடும்."

"மாடியிலேருந்து தெரியும்க்கா."

"தெரியட்டும். நீ சொன்ன தேன் மிளகைவிட இதுக்கு மார்க் வருது."

வந்தவள் ஓரமாக, எழுந்திருக்கத் தயாராக, அரைகுறையாக உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் முழுசாக உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் சந்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. பேசினால் களைப்புப் போகாது. வாய்க்கும் அது ஓய்வுதானே. ஒவ்வொரு காதிலும் கருவி தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே கேட்காத அளவுக்குச் சன்னமாக, மழை முடிந்து சொட்டுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அந்தச் சந்திலிருந்து ஒரு பெயரும் இல்லை. அவள் பெயர் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, விழாமல் நின்றது. அவள் பட்டியலை இரண்டாவது தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். மற்ற சந்துகளிலிருந்து பலர் போனார்கள். அதில் ஒருத்தி மாசமாக இருந்தாள். அவளைக் குளிரறைக்கு அனுப்ப வேண்டாம் என்று பெரியக்கா போய்ச் சொன்னதற்கு, டாக்டர் சீட்டு கொண்டுவரட்டும் என்று பதில் வந்தது. கொண்டுவரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, அடுத்த சந்துக்காரர்களிடம் போய் மூன்று மணிக்கு உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு சூப்பர்வைசர் சந்துக்குள் வந்தான். மரத்தட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்தார்கள். பெரியக்கா எழவில்லை.

"மார்க் நல்லா இருக்குக்கா" என்றான்.

"இருக்கும்."

"உக்காருறது எந்தக் கட்டத்துலயும் வரலை. கணக்குல அதுக்கு இடமே வைக்கலை. அதனால இப்போதைக்கு யாரும் கேக்கலை." குரலைத் தாழ்த்தினான். "ஆனா கேப்பாங்க. அடுத்த தடவை மெஷினைப் புதுப்பிக்கும்போது சும்மா இருக்கற நேரத்தையும் பிடிக்கிற மாதிரி பண்ணிடுவாங்க. அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"எப்ப புதுப்பிப்பாங்க?"

"தெரியலை. அடுத்த மாசமோ, அதுக்கடுத்த மாசமோ."

"அதைப் பண்ணினா எல்லாருமா மாடிக்கு வர்றோம். இந்தச் சந்து, அந்தச் சந்து, குளிரறை, எல்லாரும். அதுவரைக்கும் உக்காந்திருக்கோம்." மரத்தட்டில் கொஞ்சம் நகர்ந்தாள். "நீயும் உக்காரு தம்பி. உன் குரலே சரியில்லை."

அவன் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உட்காரவில்லை. போகவும் இல்லை. இரும்புத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எழுந்திருந்த இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பெரியக்கா கருவியைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.